எழுத உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது, நீங்கல்லாம் எங்க இருந்து எடுக்குறீங்க?

கணக்குப்புள்ள:
வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்குறேன். சிறுகதை எழுதணும்னு ரெண்டு வருசமா ஆசை, பத்திரிகைக்கு அனுப்பவெல்லாம் இல்ல, சும்மா எனக்காகத்தான். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து சாப்ட்டு பத்து மணிக்கு நோட்டைத் தொறந்தா காதல் தோல்வி, மழை, ரயில்வே ஸ்டேஷன் இது மூணைத் தவிர வேற எதுவும் வரமாட்டேங்குது, இத்தனைக்கும் நான் ரயில்ல போறதே வருசத்துக்கு ஒருக்காதான். என்ன பண்றது?

ஊர்சுத்தி:
லீவு போட்டுட்டு எங்கயாச்சும் மலைக்குப் போங்க ப்ரோ, தானா வரும்.

கணக்குப்புள்ள:
போன தீபாவளிக்கு வால்பாறை போனேன். போட்டோதான் வந்துச்சு 😅

பழைய வாத்தியார்:
தம்பி, குறுந்தொகை வீட்ல இருந்தா எடுங்க, இல்லைன்னா நெட்லயே கிடைக்கும். 401 பாட்டு, பெரும்பாலும் நாலுலருந்து எட்டு அடிதான். பாட்டை விடுங்க, கூடவே போட்டிருக்கிற குறிப்பை மட்டும் பாருங்க, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்றுன்னு இருக்கும். எழுதுன புலவர் தன் வாயால பேசுறதே இல்ல, இன்னொருத்தர் வாயை வாங்கித்தான் பேசுறார். நீங்க பத்து மணிக்கு உங்க மனசையே தோண்டிட்டு இருக்கீங்க, அங்க இப்போ களைப்புதான் இருக்கும். கபிலர் பாட்டு ஒண்ணு, 25ஆவது. அவன் என்னைக் கூடுன அன்னைக்கு பக்கத்துல யாருமே இல்ல, ஓடுற தண்ணில ஆரல் மீனுக்காக நின்ன ஒரு குருகு, அதாவது கொக்கு மாதிரி ஒரு பறவை, அது மட்டும்தான் இருந்துச்சுன்னு தலைவி சொல்றா. அவன் ஏமாத்திட்டா அந்தக் குருகு வந்து சாட்சி சொல்லுமா? அஞ்சு அடில கதை முடிஞ்சுது. உங்க ஆபீஸ்ல இந்த வாரம் நடந்த ஒண்ணை எடுத்து வேற யார் வாய்லயாச்சும் எழுதிப் பாருங்க.

கரிசக்காட்டுப் புள்ள:
வாத்தியார் சொல்றது சரி, ஆனா எனக்கு ஆளை விட வார்த்தைதான் பிடிகொடுக்கும். எங்க ஆச்சி தொட்டுக்கிறதை வெஞ்சனம்னு சொல்லுவா. அந்த ஒரு வார்த்தையை எழுதுனா தட்டு வருது, தட்டு வந்தா யாருக்கு வெஞ்சனம் பத்தலைன்னு தெரிஞ்சிருது, அங்கயே சண்டை ஆரம்பிச்சிரும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன், அதான் கி.ரா., எழுத வந்ததே முப்பது வயசு தாண்டித்தான், கரிசல் சொல்லுக்குன்னு ஒரு அகராதியே போட்டவர் அவர். உங்க பக்கத்து பேச்சுல என்னென்ன இருக்குன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, கதையை அப்புறம் பாத்துக்கலாம்.

கணக்குப்புள்ள:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. சனிக்கிழமை சம்பளம் போடுறப்ப செக்கிங் அக்கா ஒருத்தங்க கவர்ல ஐம்பது ரூவா குறையுதுன்னாங்க, நான் நோட்டைக் காட்டி சரியாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டேன். அதையே அந்தக்கா சொல்ற மாதிரி எழுதுனேன். பொறுமையா எடுத்துச் சொன்னேன்னுதான் நான் நினைச்சிருந்தேன், அவங்க வாய்ல வந்தப்ப நான் தலையைக் கூட நிமிரல. முக்கா பக்கம் வந்திருக்குங்க. வாத்தியாரே, குருகு கூட கிடைச்சிருச்சு, டீ கேன் தூக்கிட்டு வந்த பையன் கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்தான்.