உள்தள்ளல் வேண்டாம், அமுங்கல்னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம். செல்லை அமுக்கி அளக்குற ஆய்வுக்கான நம்ம கலைச்சொல் பட்டியல்ல இண்டென்டேஷனுக்கு உள்தள்ளல்னு ஏத்தியிருக்கீங்க, தயவுசெஞ்சு அதை எடுத்திருங்க. உள்தள்ளல்ங்கிறது பத்தி ஆரம்பத்துல விடுற இடத்துக்குப் புழங்குற சொல்லு, உயிரோட இருக்கிற செல்லை ஊசிமுனையால அமுக்குறப்ப விழுற பள்ளத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? குழிவுன்னு வச்சாலும் குழியாடி ஞாபகம்தான் வருது. அண்ணன் ஒருத்தர் அமுக்கம்னு எழுதியிருந்தாரு, நல்ல சொல்லுதான், ஆனா இலங்கைத் தமிழ்ல அமுக்கம்னா பிரஷர். நம்ம பாம்பன் பக்கம் இலங்கை ரேடியோ கேட்டு வளர்ந்தவங்களுக்குத் தாழமுக்கம்னு சொன்னா உடனே புயல் சின்னம்னு புரியும், அந்தச் சொல்லை இதுக்கு எடுத்தா அவங்க பாடப்புத்தகத்தோட மோதும்.

நான் சொல்றது அமுங்கல்.

காரணம் செல்லை அமுக்கி அளக்குற கருவியிலயே இருக்கு, அதுதான் அணுவிசை நுண்ணோக்கி (atomic force microscope). அதை 1986ல பின்னிக், குவேட், கெர்பர் மூணு பேரும் அறிவிச்சாங்க. மெல்லிசா ஒரு நெம்புகோல், நுனியில ஊசி இல்லாட்டி குட்டி உருண்டை, முதுகுல லேசர் பட்டுத் திரும்புது, நெம்புகோல் எவ்வளவு வளையுதுன்னு அந்த லேசரை வச்சுக் கண்டுபிடிக்கிறாங்க. இப்ப செல்லைத் தொட்டதுக்கு அப்புறம் நெம்புகோலோட அடியை 600 நானோமீட்டர் கீழ இறக்குறோம்னு வைங்க, அதுல 100 நானோமீட்டர் நெம்புகோல் வளைஞ்சதுலயே போயிருச்சு, மிச்சம் 500தான் செல் உள்ள போனது. நாம அமுக்குனது வேற, அது அமுங்குனது வேற! அமுக்கு, அமுங்குன்னு தமிழ்ல பிறவினை தன்வினை ரெண்டும் தனித்தனியா தயாரா இருக்கு, இதை விட்டுட்டு தள்ளலுக்கு ஏன் போகணும்?

அந்தக் கணக்கை முடிச்சே காட்டுறேன். நெம்புகோலோட சுருள்மாறிலி, அதாவது அதை வளைக்க எவ்வளவு விசை வேணும்ங்கிற அளவு, மீட்டருக்கு 0.01 நியூட்டன், 100 நானோமீட்டர் வளைஞ்சா விசை 1 நானோநியூட்டன். நுனியில 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைன்னா, ஹெர்ட்ஸ் 1882ல போட்ட சமன்பாட்டுல மீட்சிக் குணகம், அதாவது செல் எவ்வளவு கெட்டிங்கிற அளவு, கிட்டத்தட்ட 1 கிலோபாஸ்கல் வரும், மெத்துன்னு இருக்கிற செல்லுக்கு இது நம்புற மாதிரியான அளவுதான். அமுங்கல் கூடிப்போச்சுன்னா அடியில இருக்கிற கண்ணாடியோட கெட்டித்தனமும் சேர்ந்து வந்திரும், அதனால செல்லோட தடிமன்ல பத்துல ஒரு பங்குக்குள்ள நிறுத்திக்கப் பாப்பாங்க. வேகமா அமுக்குனா அதே செல் இன்னும் கெட்டியா காட்டும், அது வேற.

ஸ்டிஃப்னஸுக்கு விறைப்புன்னு போட்டிருக்கிறதும் எனக்கு உறுத்துது, எங்க ஊர்ல விறைச்சுப்போச்சுன்னா செத்துப்போனதைச் சொல்றது. உயிருள்ள செல்லுக்கு அது வேண்டாம், கெட்டிமைன்னு வைக்கலாம்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப சித்திகிட்ட இதைச் சொல்லிப் பாத்தேன். முப்பது வருசமா மீன் விக்கிறாங்க, தென்கடல் மீனு வடகடல் மீனுன்னு பாத்ததும் சொல்லிருவாங்க. ஒரு விளமீனைக் கையில எடுத்து, வயித்துக்கு மேல சதையில பெருவிரலை வச்சு ஒரு அமுக்கு, விரலை எடுத்ததும் குழி மெல்ல நிரம்பி மட்டமாச்சு. பெட்டியில அடியில கிடந்த இன்னொன்னை அமுக்குனாங்க, ரேகையோட குழி அப்படியே நின்னுச்சு, அதை ஒதுக்கி வச்சுட்டாங்க. நான் "ஊசி அமுக்கும், செல்லு எவ்வளவு அமுங்குதுன்னு அளப்பாங்க சித்தி"ன்னேன். ஒரு சொல்லுக்கும் விளக்கம் கேக்கல. "சரிப்பா, எடுத்ததும் எந்திரிக்குதான்னும் பாப்பாங்கள்ல?"ன்னு கேட்டாங்க.

பாக்குறாங்க. விசையை வரைபடமா போட்டா, ஊசி இறங்குறப்ப வர்ற கோடும் ஏறுறப்ப வர்ற கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழாது, நடுவுல இருக்கிற இடைவெளிதான் செல்லுக்குள்ள வீணாப்போன ஆற்றல். அந்த எந்திரிக்கிறதுக்கு இன்னும் நம்ம பட்டியல்ல சொல்லே இல்ல. மீட்சியை எலாஸ்டிசிட்டிக்குக் குடுத்தாச்சு, அதனால எழும்பல்னு போடலாமா?