வறண்ட ஆழ்துளைக் கிணற்றைக் கொண்டு வீட்டைக் குளிர்விக்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் அருகே எங்கள் தோட்டத்தில் வீடு கட்டி வருகிறோம். வாசலுக்குப் பத்தடி தள்ளி, 600 அடி ஓட்டியும் வெறும் புழுதியே கிளம்பிய ஆழ்துளைக் கிணறு ஒன்று மூடிக் கிடக்கிறது. அதன் கீழ்ப்பகுதியை அடைத்துவிட்டு, மேல் 300 அடிக்கு யூ வடிவக் குழாயை இறக்கித் தண்ணீரைச் சுழலவிட்டு, ஹீட் பம்ப் (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் கருவி) மூலம் அறைகளின் சூட்டைப் பாறைக்குள் தள்ள நினைக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. சித்திரை வெயிலில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால், குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பென்டோனைட் என்னும் களிமண் கலவையால் அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். அதற்குத் தேர்ந்த ஆட்கள் திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் இருக்கிறார்களா? அதைவிடப் பெரிய கவலை வேறு. குளிர்நாடுகளில் கோடையில் நிலத்துக்குள் விட்ட வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நாமோ ஆண்டு முழுவதும் தள்ளிக்கொண்டே இருப்போம் என்பதால், பாறை சிறிது சிறிதாகச் சூடேறிப் பயன் குறைந்துவிடாதா? இரவில் மொட்டைமாடிக் குழாய்களில் அந்தத் தண்ணீரை ஆறவிட்டால் போதுமா?

நம் பகுதியில் இதை அமைத்தவர்கள், பாறைக்குள் இறங்கும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தளம் போடுவதற்கு முன் முடிவெடுக்க வேண்டியுள்ளது.