பிலிப் ஹியூஸ்: மாணவர்களுக்கு எதைச் சொல்லலாம்?

கேள்வி: சுவரிதழ் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவர்கள் நடத்தும் விளையாட்டுச் சுவரிதழின் நவம்பர் பக்கத்தை ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸுக்கு ஒதுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் பவுன்சர் (தரையில் குத்தித் தலை உயரத்துக்கு எழும் பந்து) ஒன்று கழுத்தில் பட்டு விழுந்தவர், 27ஆம் தேதி இறந்துபோனார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 26 வயது நிறைந்திருக்கும்.

பெயரைச் சொன்னவுடன் மாணவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு பந்தைப் பற்றியே பேசினார்கள். ஒருவன் உடனே கைப்பேசியில் காணொளியைத் தேடத் தொடங்கிவிட்டான். அந்தப் பந்துக்கு முன்பு அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. 26 டெஸ்ட் மட்டுமே ஆடிய, இறக்கும்போது அணியில் நிலையான இடம்கூட இல்லாத ஒருவருக்காக இத்தனை நாட்டு ஆட்டக்காரர்கள் ஏன் அப்படிக் கலங்கினார்கள்? கூடப் பழகியவர்களுக்கு அவர் எப்படிப்பட்டவராக இருந்தார்? மிகைப்படுத்தாமல் சொல்லக்கூடிய செய்திகள் இருந்தால் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய ஸ்கோர்புக்

ஐயா, அவருடைய ஊரிலிருந்து தொடங்குங்கள். சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மாக்ஸ்வில் என்ற சிற்றூரில், வாழை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். கிரிக்கெட்டுக்காகப் பதின்வயதிலேயே சிட்னிக்கு வந்தாலும், ஊரையும் மாடுகளையும் அவர் மனத்திலிருந்து இறக்கி வைக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய 408ஆவது வீரர் என்பதால் அவருடைய தொப்பியின் எண் 408. தந்தையோடு சேர்ந்து தொடங்கிய ஆங்கஸ் மாட்டுப் பண்ணைக்கும் அதே எண்ணைத்தான் பெயராக வைத்தார். உடைமாற்றும் அறையில் பக்கத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் மாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார் என்று சக ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஆட்டமும் அவரைப் போலத்தான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் பரிந்துரைக்காத முறையில் லெக் ஸ்டம்ப் பக்கம் ஒதுங்கி இடம் உண்டாக்கிக்கொண்டு, பாயிண்ட் திசையில் வெட்டி அடிப்பார். 2009இல் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் ரன் எதுவும் எடுக்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் 75. அடுத்த ஆட்டம் டர்பனில். அங்கே 115, 160 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம். முதல் சதத்தைச் சுழற்பந்துவீச்சாளர் பால் ஹாரிஸை அடுத்தடுத்து இரண்டு சிக்சர் அடித்து எட்டினார். ஒரே டெஸ்டில் இரண்டு சதம் அடித்தவர்களில் மிக இளையவர் என்ற சாதனை, ஜார்ஜ் ஹெட்லியிடமிருந்து இருபது வயதான அவரிடம் வந்தது.

ஆனால் உங்கள் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு அடுத்த கதையை. அதே ஆண்டு இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் இரண்டு டெஸ்ட் முடிந்ததும் அவரை நீக்கிவிட்டார்கள். பிறகு சேர்த்தார்கள், மறுபடி நீக்கினார்கள். 2011 டிசம்பரில் நியூசிலாந்துக்கு எதிரான இரண்டு டெஸ்டிலும், நான்கு இன்னிங்ஸிலும், கிறிஸ் மார்ட்டினின் பந்தில் மார்ட்டின் கப்டிலிடம் பிடி கொடுத்தே வெளியேறினார். நாடே கேலி செய்தது. 2013 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்தில் 6, 0. அந்தத் தொடரில் சுழற்பந்துக்கு எதிராக அவர் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இவரை ஏன் இன்னும் ஆட வைக்கிறார்கள் என்று நாங்களே பேசிக்கொண்டோம். இரண்டு ஆட்டம் தள்ளி மொகாலியில் 69 எடுத்தார். இப்படி ஏறியும் இறங்கியும் கழிந்த ஐந்து ஆண்டுகளில், நீக்கப்பட்ட நாளிலும் முகம் சுளிக்காமல், தம் இடத்தைப் பிடித்தவரிடமும் இயல்பாகப் பேசிச் சிரித்தவர் என்பதைத்தான் உடன் ஆடியவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். இடத்துக்காக ஒருவரோடொருவர் போட்டியிடும் அறையில் எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பது எளிதான காரியமல்ல.

பதில் 2: ஒன்பதாவது விக்கெட்

மேலே அண்ணன் எழுதியதோடு ஒரு ஆட்டத்தைச் சேர்க்க விரும்புகிறேன். என் கணக்கில் அவருடைய குணம் மைதானத்திலேயே தெரிந்த ஆட்டம் அதுதான். 2013 ஜூலை, டிரென்ட் பிரிட்ஜ், ஆஷஸ் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியா 117 ரன்னுக்கு 9 விக்கெட்டை இழந்து நிற்கிறது. ஆறாவதாக வந்த ஹியூஸ் மறுமுனையில் இருக்கிறார். பதினோராவது ஆட்டக்காரராக உள்ளே வருபவர் பத்தொன்பது வயது ஆஷ்டன் ஏகர். அதுவே அவருக்கு முதல் டெஸ்ட். இப்படிப்பட்ட நேரத்தில் மூத்த மட்டையாளர், கடைசி ஆளை மறைத்து வைத்து, ஓவரின் பெரும்பகுதியைத் தாமே ஆடுவதுதான் வழக்கம். ஹியூஸ் அப்படிச் செய்யவில்லை. பையன் நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்தவுடன் அவனையே அடிக்கவிட்டு, தாம் ஒற்றை ரன்களில் துணை நின்றார். இருவரும் சேர்த்தது 163 ரன்; கடைசி விக்கெட்டுக்கு அதுவரை டெஸ்டில் யாரும் எடுக்காத எண்ணிக்கை. ஏகர் 98இல் ஆட்டமிழந்தார், ஹியூஸ் 81 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். மறுநாள் பத்திரிகைகள் முழுவதும் ஏகரின் படம்தான் வந்தது. அன்று மறுமுனையிலிருந்து கிடைத்த தெம்பைப் பற்றி ஏகர் பின்னாளில் நன்றியோடு பேசியிருக்கிறார். அதற்கு அடுத்த லார்ட்ஸ் டெஸ்ட்தான் ஹியூஸுக்குக் கடைசி டெஸ்டாக அமைந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொரு செய்தி. அவர் அடிபட்ட ஆட்டம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையிலான ஷெஃபீல்டு ஷீல்டு (ஆஸ்திரேலிய மாநிலங்களுக்கிடையிலான போட்டி) ஆட்டம். அவர் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு மாறியது 2012இல். அதற்கு முன்பு நியூ சவுத் வேல்ஸ்காரர். எனவே எதிரணியில் களத்தடுப்பில் நின்ற வார்னர், ஹாடின், வாட்சன், லயன் எல்லோரும் அந்த அணியிலோ ஆஸ்திரேலிய அணியிலோ அவருடன் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். மறுமுனையில் நின்ற டாம் கூப்பர் நெருங்கிய நண்பர். ஹியூஸ் 63 ரன்னில் விழுந்தபோது ஓடி வந்தவர்களில் அவருக்கு அந்நியர் என்று யாருமே இல்லை. நீங்கள் கேட்ட "ஏன் அப்படிக் கலங்கினார்கள்" என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: நடுவர் நாற்காலி

இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் இளவயதில் இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது குறையே இல்லாத சிலை ஒன்றைச் செய்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. சுவரிதழில் அது வேண்டாம் என்பது என் கருத்து. ஷார்ட் பந்துக்கு (முன்னதாகக் குத்தி உயர எழும் பந்து) எதிராக அவருக்குச் சிக்கல் இருந்தது, எதிரணிகள் அதைக் குறிவைத்தே வீசின. இதைச் சொல்வதால் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. அதைச் சரிசெய்ய அவர் உழைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2013 ஜனவரியில் மெல்போர்னில் இலங்கைக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டியிலேயே 112 எடுத்தார், அறிமுக ஒருநாள் ஆட்டத்தில் சதம் அடித்த முதல் ஆஸ்திரேலியர் அவர், 2014இல் ஆஸ்திரேலியா ஏ அணிக்காக டார்வினில் ஒருநாள் ஆட்டம் ஒன்றில் ஆட்டமிழக்காமல் 202.

மரணத்தை முழுக்க மறைக்கவும் தேவையில்லை. பந்து பட்டது ஹெல்மெட் மூடாத கழுத்துப் பகுதியில். அங்குள்ள தமனி கிழிந்து மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தது. மிக மிக அரிதாக நேரக்கூடியது. 2016இல் விசாரணை அதிகாரி இதை விபத்து என்றே முடிவு செய்தார், எந்தத் தனிமனிதர் மீதும் பழி சுமத்தவில்லை. அன்றைய ஆட்டத்தில் எப்படிப் பந்து வீசினார்கள், என்ன பேசினார்கள் என்பது பற்றிக் குடும்பத்தினருக்கு அந்த விசாரணையின்போது ஆழ்ந்த மனக்குறை இருந்தது என்பதும் உண்மைதான். இதன் பிறகு ஹெல்மெட்டின் பின்புறம் கழுத்துக் காப்பு பரவலானது. காணொளி தேடிய மாணவனிடம் அந்தக் காப்பைக் கையில் கொடுத்து எங்கே பொருந்துகிறது என்று காட்டுங்கள், அது போதும்.

பந்து வீசிய ஷான் அபாட்டுக்கு அப்போது வயது 22. அவரை யாரும் தனியே விட்டுவிடவில்லை. அபாட் மறுபடி பந்து வீச நினைக்கும் நாளில் வலைப்பயிற்சியில் முதல் ஆளாகக் காப்பு கட்டிக்கொண்டு எதிரே நிற்பேன் என்று அணித் தலைவர் மைக்கேல் கிளார்க் வெளிப்படையாக எழுதினார். கிளார்க் ஹியூஸைத் தம்பி என்றே கருதியவர். சில வாரங்களுக்குள் அதே சிட்னி மைதானத்தில் குயின்ஸ்லாந்துக்கு எதிராக அபாட் 14 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார்.

கேள்வி கேட்டவர்: சுவரிதழ் ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. டிரென்ட் பிரிட்ஜ் ஆட்டத்தையே முதலில் வைக்கலாம் என்று தோன்றுகிறது, எங்கள் அணியிலும் பதினோராவது ஆள் மட்டையோடு போகும்போது எல்லோரும் பையைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அஞ்சலி நிகழ்ச்சிகளில் எதைச் சேர்க்கலாம்? இடம் ஒரு பத்திக்கு மேல் இல்லை.

பதில் 4: பழைய ஸ்கோர்புக்

ஒரு பத்திக்குள் என்றால் அடிலெய்டு போதும். டிசம்பர் 3 அன்று அவர் படித்த மாக்ஸ்வில் பள்ளி மண்டபத்தில் இறுதிச் சடங்கு. விராட் கோலி உள்ளிட்ட இந்திய அணியினரும் அங்கே போயிருந்தார்கள். 9ஆம் தேதி அடிலெய்டில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியபோது ஆஸ்திரேலிய அணிப் பட்டியலில் பதின்மூன்றாவது ஆளாக அவர் பெயர் இருந்தது, புல்தரையில் 408 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். வருண் ஆரோன் முதல் பவுன்சரை வீசியதும் அரங்கமே கைதட்டியது. ஹியூஸ் விழுந்தபோது எடுத்திருந்த அந்த 63ஐ வார்னர் தொட்டதும் நின்று வானத்தை நோக்கினார். ஸ்டீவ் ஸ்மித் சதம் அடித்தவுடன் அந்த 408 எழுதிய இடத்துக்கு நடந்துபோய் மட்டையை உயர்த்தினார். பிறகு மிட்செல் ஜான்சனின் பந்து கோலியின் ஹெல்மெட்டில் பட்டபோது ஆஸ்திரேலியர்கள் பதறிக்கொண்டு அவரிடம் ஓடினார்கள். கோலி அந்த இன்னிங்ஸில் 115, அடுத்ததில் 141 எடுத்தார்.

அவர் நினைவாக மட்டைகளை வீட்டு வாசலில் சாய்த்து வைத்த படங்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்தன, அவற்றில் ஒன்றை இதழில் ஒட்டலாம். உங்கள் மாணவர்களின் மட்டைகளையே சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.