ஆஸ்கர் இரவுக்கு முன் பட்டியலை முடித்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இருந்த பத்துப் படங்களையும் விழாவுக்கு முன் பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கமாவது எழுதிவிடுவது என்று 2024-இல் முடிவு செய்தேன். பட்டியல் ஜனவரி 23-இல் வந்தது. விழா மார்ச் 10-இல். நாற்பத்தேழு நாளில் பத்துப் படம் என்பது கணக்குக்கு எளிதுதான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று 206 நிமிடம், இன்னொன்று 180 நிமிடம். வேலை முடிந்து எனக்கு மிஞ்சிய இரவுகளோ துண்டு துண்டானவை. எனவே சிலவற்றைத் திரையரங்கிலும், சிலவற்றைத் தொலைக்காட்சியிலும், இரண்டைப் படுத்தபடி கைப்பேசியிலும் பார்த்தேன்.

அந்த இரண்டில் ஒன்று ஜோனதன் கிளேசர் இயக்கிய ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. பக்கத்தில் உறங்குபவர் விழித்துவிடக் கூடாதே என்று ஒலியை வெகுவாகக் குறைத்திருந்தேன். தொடக்கத்தில் படத்தின் பெயர் மறைந்து திரை நெடுநேரம் இருண்டே கிடந்தபோது, இணைய இணைப்பில் ஏதோ கோளாறு என்று எண்ணி, விரலால் முன்னே தள்ளிவிட்டேன். பிறகு ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் முகாம் தலைவனின் குடும்பம் தோட்டம் போடுகிறது, விருந்தினரை உபசரிக்கிறது, குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறது. மதிலுக்கு அப்பால் நடக்கும் கொடுமையைப் படம் காட்டுவதே இல்லை. “எதுவும் நிகழாத படம்” என்று எழுதி, பத்துக்கு ஐந்து மதிப்பெண் இட்டு, பட்டியலில் ஒரு கோடு கிழித்துவிட்டு உறங்கிப்போனேன்.

அந்தப் படம் சிறந்த பன்னாட்டுப் படத்துக்கான விருதோடு, சிறந்த ஒலிக்கான விருதையும் பெற்றது. ஒன்றும் நடக்காத படத்தில் அப்படி என்ன ஒலி என்ற எரிச்சலோடுதான் மறுநாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தேன். தோட்டத்துக் காட்சிகளின் அடியில் துப்பாக்கிச் சத்தம், தொலைவிலிருந்து அலறல், நாய்களின் குரைப்பு, இவை எல்லாவற்றுக்கும் கீழே ஓயாத ஓர் இரைச்சல். படத்தின் பாதிக் கதை காதுக்கு மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வீட்டார் எதைக் கேட்காதவர்கள்போல் வாழ்கிறார்களோ, அதை நானும் ஒரு பொத்தானை அழுத்திக் கேட்காமல் செய்துவிட்டு, படத்துக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். பழைய விமர்சனத்தை அழிக்க மனம் வரவில்லை. எப்படிப் பார்த்தேன் என்பதை மட்டும் அதன் தலைப்பில் சேர்த்தேன். இது போன்ற அனுபவம் உங்களுக்கும் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

* * *

எனக்கு நேர்ந்தது குறும்படங்களில். அசைவூட்டம், நடிகர்கள் நடிக்கும் புனைவு, ஆவணம் என மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து படங்கள். எதுவும் பெயர் வரிசையையும் சேர்த்து 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பரிந்துரை பெற்றவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் திரையரங்குகளில் வெளியிடுகிறார்கள். ஐந்து ஆவணங்களை ஒரே அமர்வில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான்காவது படம் தொடங்கும்போது மனம் எந்த நிலையில் இருக்கும் என்று. போரையும் நோயையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த என் குறிப்பில், ஐந்தாவது படத்துக்கு “நீளம்” என்ற ஒரே சொல்தான் இருந்தது. ஐந்தில் அதுதான் குறுகிய படம்! இப்போதெல்லாம் நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. 2023-இல் ஆவணக் குறும்படத்துக்கான விருதை வென்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் தமிழில் பேசுகிறார்கள். துணையெழுத்தைப் படிக்க வேண்டிய தேவை இல்லாததால் என் கண் முழுவதும் யானைக்குட்டியின் மேலேயே இருந்தது. அதற்கு நான் தாராளமாக இட்ட மதிப்பெண்ணில் படத்தின் பங்கு எவ்வளவு, மொழியின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

* * *

மதிப்பெண் என்பதையே நாங்கள் கைவிட்டுவிட்டோம். ஒன்பது நண்பர்கள் சேர்ந்து, ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் சிறந்த படத்துக்கு வாக்களிக்கும் அதே முறையில், பத்துப் படங்களையும் ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினோம். மற்றப் பிரிவுகளில் அதிக வாக்கு பெற்றது வெல்லும். இந்த ஒரு பிரிவில் மட்டும் 2010-ஆம் ஆண்டு விழாவிலிருந்து வரிசை முறை நடைமுறையில் இருக்கிறது. எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடம் பெறாவிட்டால், மிகக் குறைந்த முதலிடம் பெற்றதை நீக்கி, அதற்கு முதலிடம் தந்த வாக்குச் சீட்டுகளை அவற்றில் அடுத்ததாகக் குறித்த படத்துக்குச் சேர்க்க வேண்டும். எங்களிடம் ஒரு படம் நான்கு முதலிடங்களும், இன்னொன்று மூன்றும், மூன்றாவது இரண்டும் பெற்றன. மூன்றாவது நீங்கியதும் அந்த இரண்டு சீட்டும் இரண்டாவது படத்துக்குப் போக, முன்னணியில் இருந்த படம் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது.

தோற்றது நான் முதலிடம் கொடுத்த படம் என்பதால் அன்றிரவு கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது உண்மை. ஆனால் அந்த வாக்குவாதத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். முதல் மூன்று இடங்களுக்கு எல்லாரும் பக்கம் பக்கமாகக் காரணம் சொன்னார்கள்; ஆறாவதையும் ஏழாவதையும் ஏன் அப்படி வைத்தோம் என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. இருவர் அந்தப் படங்களைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் சீட்டையும் நாங்கள் எண்ணியிருந்தோம்.

* * *

பாதியில் நிறுத்தியவர்கள் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2025 ஏப்ரலில் அகாடமி ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு பிரிவில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்த உறுப்பினரே அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம். அகாடமியின் இணையத் திரையிடல் வசதியில் பார்த்தால் அது தானாகப் பதிவாகும். திரைப்பட விழாவிலோ திரையரங்கிலோ பார்த்திருந்தால் எங்கே, எப்போது பார்த்தோம் என்று படிவத்தில் குறிக்க வேண்டும். இவ்வளவு காலம் இது கட்டாயமாக இல்லாததுதான் எனக்கு வியப்பு. ஆயினும் முதலில் எழுதியவரின் கதையைப் படித்த பிறகு, படம் ஓடி முடிந்தது என்பதற்கு அந்தப் பதிவு சான்றாகுமே ஒழிய, பார்க்கப்பட்டது என்பதற்கு ஆகாது என்றே படுகிறது.

* * *

நான்தான் இதைத் தொடங்கியவர். மேலே சொன்ன படிவத்தை வாசித்ததும் என் குறிப்பேட்டில் எங்கே, எப்போது என்று இரண்டு கட்டங்கள் போட்டேன். பிறகு எத்தனை அமர்வில் என்று மூன்றாவதும், ஒலி எந்த அளவில் என்று நான்காவதும் சேர்த்தேன். மதிப்பெண்ணுக்கான கட்டம் கடைசியில் இருக்கிறது. போன ஆண்டுப் பக்கத்தில் இரண்டு படங்களுக்கு நேரே அது இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.