அபார்ட்மெண்டில் இருப்பவள் ரயில் மாடல் கிளப்பில் சேரலாமா?

பொன்மலை_மகள்

வணக்கம். மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம் இருக்கிறேன். வந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலைச் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் நாளே தொடங்கும். அதனால் ரயில் பைத்தியம் எனக்குப் புதிதல்ல.

போன ஜனவரிக் கடைசியில் ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி வெஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடத்தும் கண்காட்சிக்கு மகளோடு போனேன். அவளுக்கு எட்டு வயது. நான்கு பெரிய கட்டடங்கள், அத்தனையிலும் குட்டி ரயில். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று போனவர்கள், கதவைச் சாத்தும்போதுதான் வெளியே வந்தோம். அங்கே ஒரு கிளப்காரர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, “புதன்கிழமை சாயங்காலம் வாங்க” என்றார். அந்தத் தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

போகத்தான் தயக்கம். என்னிடம் ஒரு எஞ்சின்கூட இல்லை. இரண்டு பெட்ரூம் வீடு, லேஅவுட் (தண்டவாளம், ஊர் எல்லாம் அமைக்கும் மேசை) போட இடம் கிடையாது. அங்கே பார்த்த முகங்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தாத்தாக்கள். நானும் ஒரு சின்னப் பெண்ணும் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? முதலில் எதை வாங்க வேண்டும், எச்ஓவா, அதைவிடச் சின்ன ‘என்’ ஸ்கேலா? முடிந்தால் மீட்டர்கேஜில் ஏதாவது செய்ய ஆசை. இந்த மாதிரி கிளப்பில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பாம்பன்160

எதையும் வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வாங்கினேன். எச்ஓவில் (1:87, அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) ஒரு ஸ்டார்ட்டர் செட்டை வாங்கி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அது என் ஸ்கேல் கிளப், 1:160. (‘என்’ என்பது ஆங்கில எழுத்து. தமிழில் சொல்லும்போதெல்லாம் “உங்க ஸ்கேலா சார்?” என்று யாராவது கேட்கிறார்கள்.) அந்தப் பெட்டி பதினோரு வருடமாகப் பரணில் கிடக்கிறது. கிளப் எந்த ஸ்கேலோ அதுதான் உங்கள் ஸ்கேல்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். எங்கள் கிளப் ஒரு சர்ச்சின் பேஸ்மெண்டில் இருக்கிறது. மாதச் சந்தா 20 டாலர். சில கிளப்களில் எல்லோரும் என்எம்ஆர்ஏ (அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம்) உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்பார்கள், காப்பீட்டு வசதிக்காக. 1935இல் மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் அது. சக்கரம், தண்டவாளம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் அளவு வகுத்துவைத்ததால்தான் ஒருவர் வீட்டுப் பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடுகிறது. சந்தாவைப் பற்றி முதல் நாளே யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் கையில் ஒரு துணியையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் புட்டியையும் கொடுத்தார்கள். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. அழுக்குப் பிடித்தால் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். மூன்று புதன்கிழமை தண்டவாளம் துடைத்தேன். எந்த ஊர், என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. “அந்த மூலைக்குக் கை எட்டுமா?” என்றுதான் கேட்டார்கள். உங்கள் மகளைக் கூட்டிப் போங்கள். சுரங்கத்துக்குள் நுழையும் சின்னக் கைக்கும், மேசைக்கடியில் வலியில்லாமல் மண்டிபோடும் முட்டிக்கும் அங்கே எவ்வளவு கிராக்கி என்று பார்ப்பீர்கள்.

லேஅவுட் போட இடமில்லாதவர்களுக்காகவே வந்தது மாட்யூல் முறை. 1970களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய என்ட்ராக்கில் ஒவ்வொருவரும் இரண்டடிக்கு நான்கடி பலகை ஒன்றைச் செய்கிறோம். அதன் முன்பக்கம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று லைன், எல்லோருக்கும் ஒரே இடைவெளி, தரையிலிருந்து ஒரே உயரம். பலகையில் மற்றபடி உங்கள் ராஜ்ஜியம், மலை வைக்கலாம், மீன் மார்க்கெட் வைக்கலாம். கண்காட்சியன்று பலகைகளை க்ளாம்ப் போட்டு இறுக்கி, இடையில் ஒரு துண்டுத் தண்டவாளத்தைச் செருகினால், நாற்பது பேர் தனித்தனி வீட்டில் செய்தது ஒரே ரயில் பாதையாகிவிடும். உங்களுக்கு அதுவும் பெரிதென்றால் டி-ட்ராக் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த யோசனை. ஒரு மாட்யூல் 31 சென்டிமீட்டர் நீளம்தான், சாதாரண மடக்கு மேசை மேல் வைத்துக் கோத்துவிடலாம். புத்தக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். மகளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

கண்காட்சி நாளைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளிக்கிழமை மதியம் வேனிலிருந்து இறக்குவோம். யார் பலகை எங்கே என்பதில் ஒரு சண்டை, தரை சமமாக இல்லை என்று ஒரு சண்டை, இரவு எட்டு மணிக்கு முதல் எஞ்சின் ஒரு முழுச் சுற்று வந்தால் ஒரு கைதட்டல். முதல் வருடம் நான் தட்டை கொண்டுபோனேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அரைமணி நேரத்தில் மஞ்சள் லைனில் வண்டிகள் சறுக்க ஆரம்பித்தன. எண்ணெய்க் கை! இப்போது தட்டையும் முறுக்கும் தனி மேசையில், பக்கத்தில் ஈரத்துணி. “அந்த வளையம் கொண்டுவந்தாயா?” என்பதுதான் என்னிடம் வரும் முதல் கேள்வி.

என் மானம் போன கதையும் ஒன்று உண்டு. இப்போதெல்லாம் டிசிசி, அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் கட்டளையைப் புரிந்துகொள்ளும் ஒரு டீகோடர் சிப், அதற்கொரு எண். கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் 3 என்றிருக்கும், நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பழைய கன்ட்ரோல் பெட்டியில் அதற்கென்று தனி லைன் கிடையாது. ஒரு சுவிட்சைத் தட்டி, ஒரு முழத் தண்டவாளத்தை மட்டும் பிரித்துவிட்டுத்தான் எண் மாற்ற வேண்டும். கண்காட்சியின் நடுமத்தியில், சனிக்கிழமைக் கூட்டத்தில், நான் சுவிட்சை மறந்தேன். புது எஞ்சினுக்கு 27 என்று கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த அத்தனை ரயிலும் நின்றது. ஏதோ கோளாறு என்று நினைத்து வேகம் கூட்டும் த்ராட்டிலை மெல்லத் திருகினேன். மூன்று லைனிலும் பதினோரு எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பின. எல்லாமே 27! முன்னால் நின்ற வண்டியின் வாலில் பின்னால் வந்தது ஏறி, நீல லைனில் ஒரு கூட்ஸ் முழுதாகத் தடம் புரண்டது. பார்க்க வந்த குழந்தைகளுக்கு ஒரே குதூகலம், அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் தலைவருக்கு எண்பது வயது, ரயில்வேயில் டெலிகிராஃபராக இருந்தவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு எஞ்சினாக எடுத்து என் கையில் கொடுத்தார், நான் எண் போட்டேன், ஒன்றரை மணி நேரம். மறு புதன்கிழமை என் த்ராட்டிலில் 27 என்று எழுதிய லேபிள் ஒட்டியிருந்தது. இன்றுவரை கிளப்பில் என் பெயரே அதுதான்.

மீட்டர்கேஜ் கேட்டீர்கள். நான் செய்தது மீட்டர்கேஜ் காலத்துப் பாம்பன் பாலம். உண்மைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1:160இல்கூட பதின்மூன்று மீட்டர் வரும், சர்ச்சில் அவ்வளவு இடமில்லை. அதனால் கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதியும் இரு பக்கமும் சில தூண்களும் மட்டும். அசல் பாலத்தில் அந்நாளில் ஆட்கள் நின்று நெம்புகோல் தள்ளித் திறந்தார்கள், என்னுடையதில் சின்ன மோட்டார். கிளப்பின் மூன்று லைன் முன்னால் போக, பாலம் பின்னால் தனியாக நிற்கிறது.

முதல்முறை அதைக் கண்காட்சியில் வைத்தபோது, தலைவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “ஃப்ளோரிடா கீஸா?” என்றார். ஹென்றி ஃபிளாக்லர் 1912இல் கீ வெஸ்ட் வரை கடல் மேல் ரயில் விட்டதும், 1935 செப்டம்பர் புயலில் ஆட்களை மீட்கப்போன ரயிலின் பெட்டிகளை அலை புரட்டிப்போட்டதும், எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதோடு அந்தப் பாதை முடிந்தது, ரயில் திரும்பப் போகவேயில்லை. நான் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போய், புயலில் கடல் விழுங்கிய பாசஞ்சரைப் பற்றிச் சொன்னேன். “அந்தப் பாலம் என்னாயிற்று?” என்றார். சில வாரங்களில் சரிசெய்து ரயில் விட்டார்கள், தனுஷ்கோடிக்குத்தான் ரயில் மறுபடி போகவில்லை என்றேன். அடுத்த வாரம் ஒரு பழைய ஃப்ளோரிடா மேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை மடித்துத்தான் மாட்யூலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

வயதான கூட்டம் என்றீர்கள். உண்மைதான், அதில் ஒரு வேலையும் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் போய்விட்டால், அவர் வீட்டு அம்மாவுக்கு பேஸ்மெண்டில் இருப்பதன் விலை தெரியாது. நாங்கள் ஐந்தாறு பேர் சனிக்கிழமைகளில் போய், ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, விலைச்சீட்டு ஒட்டி, விற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். நான் மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறேன். பாதி கட்டிய ஸ்டேஷன்கள்தான் கஷ்டம். அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள், தூக்கிப்போடவும் மனசு வராது. எங்கள் கிளப் அலமாரியில் அப்படி நான்கு இருக்கின்றன.

வேகக்கடிகாரம்

27 சார் சொல்வது இனிக்கிறது, ஆனால் மறுபக்கமும் சொல்லணும். நான் சான் ஹோசேயில் இரண்டு கிளப்பில் இருந்து விலகியவன். ஒன்றில் லேஅவுட்டின் முன்விளிம்புக்குப் பச்சையா கறுப்பா என்று ஒன்பது மாதம் சண்டை. இன்னொன்றில் கட்டட வாடகை ஏறி, இருபது வருட மலையை ரம்பம் போட்டு அறுத்தார்கள். அப்புறம் வீட்டு லேஅவுட் வைத்திருப்பவர்களின் ஆபரேஷன் நாட்களுக்கு, அதாவது நிஜ ரயில்வே மாதிரியே வண்டி ஓட்டும் நாட்களுக்கு, மட்டும் போகிறேன். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு கார்டு, அதில் எங்கே போகணும் என்று வேபில், நிமிடத்துக்கு நாலு நிமிடம் ஓடும் கடிகாரம். நான் யார்டில் ஷண்டிங். (இங்கே ‘ஸ்விட்சிங்’ என்கிறார்கள், வாயில் வர மாட்டேன் என்கிறது.) சும்மா சுற்றிச் சுற்றி ஓடுவதைவிட இதுதான் எனக்கு ரயில்.

பொன்மலை அம்மா, உங்களுக்குப் பக்கத்தில்தானே எம்ஐடி? அங்கே 1946இல் தொடங்கிய மாணவர் ரயில் கிளப்பில் லேஅவுட்டுக்கு அடியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கோத்தவர்கள்தான் ‘ஹேக்’ என்ற சொல்லை நம் தலையில் கட்டியவர்கள். ஐடிக்காரர் என்றால் குலதெய்வக் கோயில் மாதிரி.

எழும்பூர்_மீட்டர்கேஜ்

சென்னையிலிருந்து. கணக்கு மட்டும் சொல்கிறேன். மீட்டர்கேஜ் 1000 மிமீ. எச்ஓவில் பதினொன்றரை வரும், சுவிஸ் மலை ரயில்களுக்கென்று விற்கும் 12 மிமீ தண்டவாளம் சரி. என் ஸ்கேலில் 6.25, அதற்கு இன்னும் சின்னதான ஸீ ஸ்கேலின் 6.5 மிமீ தண்டவாளம். பிராட்கேஜ்தான் தொல்லை. 1676ஐ 87ஆல் வகுத்தால் 19க்கு மேல், ஆனால் நாங்கள் எல்லோரும் எச்ஓவின் வழக்கமான 16.5இல் ஓட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறோம்.

எனக்கு மொட்டைமாடி அறையில் தனி ராஜாங்கம். கடல்காற்றுக்கு வாரம் ஒருமுறை துடைக்கணும், மே மாதம் பலகை வளைகிறது. துடைக்க ஆள் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு யோசிக்கிறீர்களே!

பாம்பன்160

சான் ஹோசே நண்பர் சொன்ன சண்டைகள் உண்மை. எங்கள் கிளப்பில் மஞ்சள் லைனை யார் ஓட்டுவது என்று இரண்டு பேர் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. இருவரும் ஒரே காரில்தான் வருகிறார்கள்.

பொன்மலை_மகள்

அண்ணா, நேற்றுப் போனோம். எச்ஓ கிளப். நல்லவேளை எதுவும் வாங்கவில்லை.

எனக்குத் துணி கொடுத்தார்கள். மகளை உடனே மேசைக்கடியில் அனுப்பிவிட்டார்கள், ஒரு வயர் கழன்றிருந்ததாம். கண்டுபிடித்து, “சிவப்பு வயர்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள். ஒருவர் என்னிடம் அப்பா என்ன வேலை என்று கேட்டார். ஸ்டீம் எஞ்சின் ஓவர்ஹால் பார்த்த ஃபிட்டர் என்றேன். அவ்வளவுதான், நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பதில் தெரியாத கேள்வி ஏழெட்டு வந்தது, எல்லாவற்றையும் அந்தத் தாளின் பின்பக்கமே எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீடியோ கால் போட வேண்டும்.