இரவு மூன்று மணிக்கு நின்றுபோன ஹீட்டர்: கேம்பர் புரோபேன் அனுபவங்கள்

பீனிக்ஸிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

சென்ற அக்டோபரில் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில், மேதர் முகாமில், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் கேம்பர் டிரெய்லரில் மூன்று இரவுகள் தங்கினோம். ஏறத்தாழ 7,000 அடி உயரம். அங்கே மின் இணைப்பு கிடையாது. சமையல், வெந்நீர், குளிர்சாதனப் பெட்டி, ஹீட்டர் எல்லாம் சிலிண்டரில் வரும் புரோபேன் எரிவாயுவை நம்பித்தான். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு மகள் என்னைத் தட்டி எழுப்பினாள். ஹீட்டரின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வந்ததோ குளிர்காற்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் இரண்டு சிலிண்டர்களும் காலி. அவளுக்கு ஆறு வயதுதான். விடியும்வரை போர்வைகளுக்குள் அவளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உறக்கம் வரவில்லை.

எங்கே பிழை என்று வீட்டுக்குத் திரும்பிய பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தேன். டிரெய்லரின் முன்சட்டத்தில் 20 பவுண்டு புரோபேன் கொள்ளும் இரண்டு சிலிண்டர்கள், நடுவில் தானாக மாறும் ரெகுலேட்டர். ஒன்று தீர்ந்ததும் அதுவே மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ரெகுலேட்டரில் பச்சைக் குறி சிவப்பாகவும் மாறும், ஆனால் எங்கள் வண்டியில் அது பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. இரண்டு வால்வுகளையும் திறந்தே வைத்திருந்ததால் முதல் சிலிண்டர் என்று தீர்ந்தது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அவை கடையில் காலியைக் கொடுத்து மாற்றி வாங்கிய சிலிண்டர்கள். அப்படி மாற்றித் தருபவற்றில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்புகிறார்கள். உறையிலேயே அது அச்சாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பவுண்டு புரோபேன் ஏறக்குறைய 21,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். எங்கள் ஹீட்டர் மணிக்கு 30,000 பிடியு எரிக்கும். 15 பவுண்டு என்றால், அது நிற்காமல் ஓடினால் 11 மணி நேரத்துக்கும் குறைவு. 20 பவுண்டும் இருந்தால் 14 மணி நேரம். உறைபனி இரவில் அந்த மூன்று மணி நேரம் மிகப் பெரிது.

இப்போது ஒரு வால்வை மட்டுமே திறக்கிறேன். அது தீர்ந்து அடுப்பு அணைந்தால்தான் இரண்டாவதைத் திறப்பேன். மறுநாளே காலியானதை நிரப்பும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். கிளம்புவதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி எடையும் பார்க்கிறேன். கழுத்து வளையத்தில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வெற்று எடை பொறித்திருக்கும், என்னுடையதில் 17. முழுதாக நிரம்பினால் 37 பவுண்டு வர வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டிகளைத் தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதுவே போதும்.

ஓகையோவிலிருந்து:

படிக்கும்போதே மனம் பதறியது. நாங்கள் 1990களில் தயாரான பழைய கேம்பர் ஒன்றை வாங்கினோம். கூடவே இரண்டு சிலிண்டர்கள். நிரப்பும் இடத்தில் இருந்த முதியவர் இரண்டையும் தொட மறுத்துவிட்டார். ஒன்றின் வால்வுக் கைப்பிடி வட்டமாக இருந்தது. அளவு மீறி நிரம்புவதைத் தடுக்கும் வால்வு உள்ளவற்றுக்கு முக்கோணக் கைப்பிடி இருக்கும், அது இல்லாமல் இந்த அளவுச் சிலிண்டரை நிரப்பக் கூடாது என்றார். வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும், அதனால்தான் 80 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். மற்றதில் முக்கோணம் இருந்தது, ஆனால் பொறித்த தேதியிலிருந்து 12 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதைப் பரிசோதித்து மறுமுத்திரை பெற்றோம். 'E' என்ற ஆங்கில எழுத்தோடு புதுத் தேதி, இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அன்று மாலையே சோப்பு நீரைத் தூரிகையால் இணைப்புகள் மேல் தடவிப் பார்த்தோம். ரெகுலேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் வரிசையாகக் குமிழ்கள்! புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு தங்கிவிடும். கேம்பரின் கசிவு எச்சரிக்கைக் கருவி கால் மட்டத்தில் இருப்பது அதனால்தான். அதன்மேல் செருப்புகளையும் பைகளையும் குவிக்காதீர்கள், தயவுசெய்து.

டெக்சாஸிலிருந்து:

சின்னச் செய்தி. புது சிலிண்டர் மாட்டியதும் அடுப்பு மினுக்மினுக்கென்று எரிந்தால் ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். வால்வைச் சட்டென்று திறந்தால், எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று கருதி உள்ளே இருக்கும் தடுப்பு ஓட்டத்தைக் குறைத்துவிடும். மூடிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்து, மெதுவாகத் திறங்கள்.

மேரிலாந்திலிருந்து:

பால்டிமோர் பக்கம் வருவோர் கவனிக்க வேண்டும். இங்குள்ள இரண்டு துறைமுகச் சுரங்கப் பாதைகளிலும் இந்த அளவு சிலிண்டரோடு நுழைய முடியாது. முன்பு ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் செல்வோம். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அது இடிந்த பிறகு 695ஆம் நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போகிறோம். வழிகாட்டும் செயலி இதைச் சொல்லாமலும் போகலாம்.

ஓகையோவிலிருந்து:

பீனிக்ஸ் நண்பரே, பேசாமல் 30 பவுண்டு சிலிண்டருக்கு மாறிவிடலாமே?

பீனிக்ஸிலிருந்து:

யோசித்தேன். நிரம்பிய 30 பவுண்டு சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 55 பவுண்டு கனக்கும். இரண்டு வைத்தால் காரோடு இணையும் கொக்கி முனையில் முன்பைவிட 36 பவுண்டு கூடுதல். எங்கள் கார் தாங்கும் எடை ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. சிலிண்டர் உயரமும் அதிகம், மூடி பொருந்தாது, பிடிக்கும் நடுக்கம்பியையும் மாற்ற வேண்டும். அதனால் 20லேயே இருக்கிறோம். மார்ச்சில் மறுபடியும் மேதர் போகிறோம், மகள்தான் கேட்டாள். தராசை முதலில் எடுத்து வைத்துவிட்டேன்.