கைக்குழந்தையின் கரப்பான்: குளியலும் எண்ணெயும்

கேள்வி (குளச்சல்):
எங்கள் ஏழு மாத மகளின் கன்னங்களிலும் கைகளிலும் கரப்பான் (எக்ஸிமா எனும் அரிப்புத் தோல்நோய்) படர்ந்து, இரவெல்லாம் சொறிந்து அழுகிறாள். பயற்றுமாவும் மஞ்சளும் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டச் சொல்கிறார் மாமியார். தாய்ப்பால் கொடுக்கும் நான் மீன் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் (தக்கலை, செவிலியர்):
சகோதரி, வெந்நீரும் மாவும் வறண்ட தோலை மேலும் உலர்த்தி உறுத்தும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளிப்பாட்டி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காயும் முன்பே வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். குளிக்காத வேளையிலும் பூச வேண்டும். சிகிச்சையின் அடித்தளமே இதுதான். மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பை அஞ்சி நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கவும் வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் மீனை விடத் தேவையில்லை.

பதில் (மார்த்தாண்டம்):
தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் என் மகனுக்கு ஒத்துக்கொண்டது. முதலில் சிறிய இடத்தில் பூசிப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையே அரிப்பைத் தூண்டும், ஆகவே தளர்வான பருத்தி உடை போதும்.

பதில் (நாகர்கோவில்):
மஞ்சள் பொருக்கு, நீர்வடிதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதிக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.